அம்மா துணி காயப்போட்ட தொலைநோக்கி

வீட்டன் ஊரில் பலருக்கும் அது மழை பிடிக்கிற இயந்திரம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே இருக்கிற அமைதியான புறநகர் அது. 1937 கோடையில் அங்கே ஒரு வீட்டுத் தோட்டத்தில் மரச்சட்டங்கள் எழும்பத் தொடங்கின. செப்டம்பர் வந்தபோது, விரித்த குடையை மல்லாத்தி வைத்தது போல ஒரு பெரிய தகரத் தட்டு வானத்தைப் பார்த்து நின்றது. குறுக்களவு 31.4 அடி. காலையில் வெயில் ஏறும்போதும் மாலையில் இறங்கும்போதும் தகடுகள் விரிந்து சுருங்கிப் படபடவென்று வெடித்துச் சத்தம் போட்டன. மழை பெய்தால் தட்டில் சேர்ந்த தண்ணீர் நடுவில் விட்டிருந்த ஓட்டை வழியே அருவியாகக் கொட்டியது. ஊர் வேறு என்ன நினைக்கும்? தெருப் பிள்ளைகளுக்கு ஏறி விளையாட ஒரு சாரம் கிடைத்தது. சின்ன விமானங்களில் போனவர்கள் வழியை விட்டு விலகி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கார அம்மா அதன் தாங்குகால்களில் துணி காயப்போட்டார்.

அதைக் கட்டியவர் அவருடைய மகன் குரோட் ரீபர். வயது 25. பகலில் சிகாகோவில் ரேடியோ தயாரிக்கும் நிறுவனத்தில் இன்ஜினியர் வேலை. மற்ற நேரமெல்லாம் இது. அன்றைக்கு உலகத்தில் வானத்தை ஆராய்வதற்கென்றே கட்டப்பட்ட ரேடியோ தட்டு அது ஒன்றுதான். அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பகுதி, முழு மனதாக ரேடியோ வானியல் செய்தவர் என்று சொல்ல உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

நெர்ட் என்று ஒரு ரகம் உண்டு. நாலு பேர் கிரிக்கெட் பேசும்போது வாயைத் திறக்கமாட்டான். யாராவது தவறிப்போய் ஆன்டெனா என்று சொல்லிவிட்டால் அரை மணி நேரத்துக்கு நிறுத்தமாட்டான். நானும் அந்த ரகம்தான், சொல்லிக்கொள்வதில் கூச்சம் இல்லை. எங்கள் ரகத்துக்குக் குலதெய்வம் ஒன்று வேண்டுமென்றால் நான் ரீபரைத்தான் சொல்வேன். எடிசனை எல்லோரும் கும்பிடுகிறார்கள், அவருக்கு வேறு பக்தர்கள் இருக்கிறார்கள்.

ரீபரின் அம்மா ஹாரியட் பள்ளி ஆசிரியை. கல்யாணத்துக்கு முன் அவர் பாடம் சொல்லிக்கொடுத்த வீட்டன் பிள்ளைகளில் ஒருவன் எட்வின் ஹபிள். பிற்காலத்தில் பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு ஆதாரம் தேடித் தந்த அதே ஹபிள். இதிலிருந்து வீட்டன் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். ரீபரை வானத்துப் பக்கம் திருப்பியது ஹாம் ரேடியோ. 16 வயதில் உரிமம் வாங்கினார், அழைப்புக்குறி டபிள்யூ-9-ஜிஎஃப்இசட். தானே கட்டிய கருவிகளை வைத்துக்கொண்டு 60க்கு மேற்பட்ட நாடுகளைத் தொடர்புகொண்டார். அதற்கு மேல் பூமியில் பிடிக்க என்ன இருக்கிறது என்று அலுத்துப்போன நேரத்தில் கார்ல் ஜான்ஸ்கியின் கட்டுரைகள் கண்ணில் பட்டன.

ஜான்ஸ்கி, நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தின் இன்ஜினியர். அட்லாண்டிக் கடல் தாண்டிப் போகிற ரேடியோ தொலைபேசியில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவருக்குக் கொடுத்த வேலை. சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஆன்டெனாவைக் கட்டி, ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்களில் ஏற்றி, 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று சுழலவிட்டார். கேட்கும் அதிர்வெண் 20.5 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து இடி ஒரு மாதிரி கேட்டது, தூரத்து இடி இன்னொரு மாதிரி. இரண்டிலும் சேராமல் மெல்லிய, சீரான ஒரு 'உஸ்' இருந்தது. அது உச்சத்துக்கு வருகிற நேரம் நாளுக்கு நான்கு நிமிடம் முன்னால் நகர்ந்துகொண்டே போனது.

அந்த நான்கு நிமிடத்தில்தான் விஷயம் எல்லாம் இருக்கிறது. சூரியன் திரும்ப உச்சிக்கு வர 24 மணி நேரம். ஒரு நட்சத்திரம் திரும்ப அதே இடத்துக்கு வர 23 மணி 56 நிமிடம். ஆகவே இரைச்சல் சூரியனுடைய கணக்கில் ஓடவில்லை, நட்சத்திரங்களின் கணக்கில் ஓடுகிறது. பால்வீதியின் மையம் இருக்கிற தனுசு ராசிப் பக்கத்திலிருந்து வருகிறது. 1933 மே 5ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அத்தோடு சரி. பெல் நிறுவனத்துக்குக் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வானத்திலிருந்து வருகிற இரைச்சலை யாரும் நிறுத்தப்போவதில்லை. ஜான்ஸ்கியை வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

வானியலாளர்களும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. சோம்பல் என்று அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடி வில்லையும் புகைப்படத் தகடும் தெரிந்தவர்களிடம் வால்வையும் சுருளையும் நீட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்? ரேடியோக்காரர்களுக்கோ தனுசு எங்கே இருக்கிறது என்று தெரியாது. கண்டுபிடிப்பு இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருவில் கிடந்தது. ரீபர் பெல் ஆய்வகத்துக்கு எழுதி, ஜான்ஸ்கியோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பெருமந்தக் காலம், இடமில்லை என்றார்கள். சரி, நாமே கட்டிவிடுவோம் என்று இறங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கருவியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரீபரின் புத்தி அதில் தெரிகிறது. ஜான்ஸ்கியின் ஆன்டெனா ஒரே ஓர் அதிர்வெண்ணுக்கென்று வெட்டியது. ரீபர் பரவளையத் தட்டைத் தேர்ந்தெடுத்தார். தட்டுக்கு அதிர்வெண் பற்றிக் கவலையில்லை, எந்த அலை வந்தாலும் குவியத்துக்கு அனுப்பிவிடும். குவியத்தில் தொங்குகிற ரிசீவரை மட்டும் மாற்றினால் போதும். ஒரு கருவி வாங்கிப் பல கருவி ஆக்கிக்கொள்கிற கணக்கு. ஆரம் ஆரமாக 72 மரச்சட்டங்கள், அவற்றின் மேல் 26 கேஜ் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகள் 45. நம் ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. ஷீட் என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அதே சரக்கு. குவியம் 20 அடி உயரத்தில். தட்டை மேலும் கீழும் சாய்க்கப் பழைய மாடல் டி வண்டியின் பாகங்கள். ரேடியோ வானியலின் முதல் இரண்டு கருவிகளும் ஃபோர்டு தயவில் நகர்ந்தன என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். பொருள்களுக்கு மட்டும் ஆன செலவு 1,300 டாலர், முழுக்க அவர் சொந்தப் பணம்.

கிழக்கு மேற்காகத் திருப்ப வழியே வைக்கவில்லை. அதைப் பூமி பார்த்துக்கொள்ளும். தட்டை ஓர் உயரத்துக்குச் சாய்த்து நிறுத்திவிட்டால், ஒரு நாளில் வானத்தின் ஒரு வளையம் முழுவதும் அதன் முன்னால் ஊர்வலம் போய்விடும். மறுநாள் சாய்வைக் கொஞ்சம் மாற்று, அடுத்த வளையம். பூமியின் சுழற்சியைக் கூலியில்லாத வேலையாளாக வைத்துக்கொள்கிற இந்தச் சாமர்த்தியத்துக்கு நம் பக்கத்திலும் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஊட்டி அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் எழுப்பிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, 1970 முதல் இயங்குவது. சுமார் 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப்பிடித்து, அந்தச் சரிவிலேயே வடக்கு தெற்காக அதைப் படுக்கவைத்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் கருவியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே ஓர் அச்சில் உருட்டினால் ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

வீட்டனுக்குத் திரும்புவோம். முதல் ரிசீவரை ரீபர் 3,300 மெகாஹெர்ட்ஸுக்குக் கட்டினார். அன்றைய வால்வுகளை வைத்துக்கொண்டு அவ்வளவு உயரத்துக்குப் போவது முரட்டு ஆசை. ஆனால் காரணம் சுத்தமானது. சூடான பொருள் எதுவும் வெளியிடும் ரேடியோ கதிர், அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது இயற்பியல் பாடம். ஜான்ஸ்கியின் 20.5ஐப் போல 160 மடங்கு அதிர்வெண்ணுக்குப் போனால் இரைச்சல் சுமார் 26,000 மடங்கு பலமாக வர வேண்டும். 1938இல் பால்வீதியைப் பார்த்தார். சந்திரன், செவ்வாய், வியாழன், பிரகாசமான நட்சத்திரங்கள் என்று ஒவ்வொன்றாகத் தட்டைத் திருப்பினார். ஒன்றுமில்லை.

அடுத்த ரிசீவர், 910 மெகாஹெர்ட்ஸ். அதிலும் ஒன்றுமில்லை.

சம்பளம் வாங்குகிற ஆராய்ச்சியாளராக இருந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு குழு கூடியிருக்கும். இதுவரை ஆன செலவு என்ன, கிடைத்த பலன் என்ன என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கும். ரீபர் பதில் சொல்ல வேண்டியது அம்மாவுக்கு மட்டும்தான்; அவருக்கோ துணி காயப்போட இடம் கிடைத்திருந்தது. பொழுதுபோக்கு என்று நாம் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிற விஷயத்தின் உண்மையான பலம் இதில் இருக்கிறது என்பது என் கட்சி. இரண்டு முறை வெறுங்கையோடு நிற்க அவருக்குச் சுதந்திரம் இருந்தது. அதைவிட முக்கியம், அந்த இரண்டு வெறுங்கையையும் அவர் விடையாக எடுத்துக்கொண்டார். மேலே போகப் போகச் சத்தம் இல்லை. ஜான்ஸ்கிக்குக் கீழே கேட்டிருக்கிறது. அப்படியானால் பாடப்புத்தகக் கணக்கு இந்த இரைச்சலுக்குப் பொருந்தவில்லை. கீழே இறங்கிப் பார்ப்போம்.

1939 வசந்தத்தில், 160 மெகாஹெர்ட்ஸில், 1.87 மீட்டர் அலைநீளத்தில் பால்வீதி கேட்டது.

கேட்டது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அதன் உழைப்பு வேறு. பகலில் தெருவில் ஓடும் கார்களின் ஸ்பார்க் பிளக்குகள் எழுப்புகிற பொறி ஒவ்வொன்றும் ரிசீவரில் வந்து விழும். அதனால் வேலை முடிந்து சிகாகோவிலிருந்து வீடு வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி, நள்ளிரவில் எழுவார். நிலவறையில் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மீட்டர் முள்ளை நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து எண்ணைக் கையால் எழுதுவார். காலை ஆறு வரை இது. பிறகு மறுபடி சிகாகோவுக்கு வண்டி. எண்ணைத் தானாகக் காகிதத்தில் வரைகிற கருவி பின்னால்தான் வந்தது. பால்வீதி தட்டின் முன்னால் கடக்கும்போது முள் கொஞ்சம் ஏறி, கொஞ்ச நேரம் நின்று, இறங்கும். அவ்வளவுதான் காட்சி. தட்டின் பார்வையும் கூர்மையானது இல்லை: 160 மெகாஹெர்ட்ஸில் அது ஒரே நேரத்தில் சுமார் 12 டிகிரி அகலத்தைப் பார்க்கிறது, முழுநிலவை 25 தடவை அடுக்கி வைக்கிற அகலம். அந்த மங்கல் கண்ணோடு அவர் வானத்துக்கு வரைபடம் போட்டார். மலைப் படத்தில் உயரக்கோடுகள் வரைவது போன்ற கோடுகள். தனுசில் ஒரு சிகரம், சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்தில் ஒன்று, கசியோபியா கூட்டத்தில் ஒன்று. சிக்னஸ் சிகரத்துக்குள் வேறொரு விண்மீன் மண்டலமும், கசியோபியா சிகரத்துக்குள் வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சமும் ஒளிந்திருந்தது பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது.

பாடப்புத்தகக் கணக்கு ஏன் பொய்த்தது? இரைச்சலுக்குக் காரணம் வெப்பம் இல்லை. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகிற எலக்ட்ரான்கள், பால்வீதியின் காந்தப்புலத்தில் மாட்டிச் சுருள் சுருளாகச் சுற்றும்போது வெளியிடும் கதிர் அது. அதிர்வெண் குறையக் குறையப் பலக்கும். இயற்பியலாளர்கள் இந்த விளக்கத்துக்கு வந்துசேர்ந்தது 1950ஐ ஒட்டித்தான். ரீபரின் 'ஒன்றுமில்லை' இரண்டும் அதற்குப் பத்தாண்டு முன்பே அந்தத் திசையைக் காட்டிக்கொண்டு நின்றன.

1940இல் அவர் கட்டுரை அஸ்ட்ரோபிசிகல் ஜர்னலுக்குப் போனபோது ஆசிரியர் ஓட்டோ ஸ்ட்ரூவேக்குச் சங்கடம். பல்கலைக்கழக முகவரி இல்லை, பட்டம் வெறும் இன்ஜினியரிங், தொலைநோக்கி வீட்டுத் தோட்டத்தில். யெர்க்ஸ் வானாய்வகத்து ஆள்கள் வீட்டனுக்கு நேரில் போய்த் தட்டைப் பார்த்தார்கள். நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் யெர்க்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கட்டுரை வெளிவந்தது. 1944இல் முழு வரைபடமும், கூடவே சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலை பற்றிய குறிப்பும் வெளியாயின. சூரியனின் சத்தத்தை இங்கிலாந்தில் ஜே. எஸ். ஹே 1942லேயே ராடாரில் பிடித்திருந்தார், ஆனால் அது போர்க்கால ரகசியம்.

போருக்கு நடுவிலும் ஓர் இதழ் ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெர்மானியர் பிடியில் இருந்த லைடனில் யான் ஊர்ட் அதைப் படித்தார். வெறும் இரைச்சலால் அவருக்குப் பெரிய பயனில்லை. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கூர்மையாக ஒரு கோடு இருந்தால், அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து வாயு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அப்படி ஏதாவது உண்டா பார் என்று மாணவர் வான் டெ ஹூல்ஸ்டிடம் சொன்னார். 1944இல் விடை வந்தது: நடுநிலை ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டரில் ஒரு கோடு தர வேண்டும்.

அதை முதலில் பிடித்ததும் வீட்டுத்தயாரிப்பு மாதிரியான ஒரு கருவிதான். ஹார்வர்டில் ஹரால்ட் யூவன் பகலெல்லாம் வேறு வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவர். எட்வர்ட் பர்செல் அவருடைய வழிகாட்டி. 500 டாலர் நிதியில், ஒட்டுப்பலகையை அடித்துச் செம்புத் தகடு ஒட்டி ஒரு கூம்புப் பெட்டி செய்து, ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே மேல் நோக்கி நீட்டினார்கள். மழை பெய்தால் கூம்பு தண்ணீரை வாங்கி அறைக்குள் ஊற்றியது. குளிர்காலத்தில் மாணவர்கள் அதற்குள் பனி உருண்டை எறிந்து குறிபார்த்தார்கள். 1951 மார்ச் 25 அன்று கோடு தெரிந்தது.

ரீபரின் பிற்காலத்தை ரசிகன் என்ற முறையில் நான் மறைக்கக் கூடாது. 1947இல் தட்டை அரசுத் தர நிர்ணய அமைப்புக்கு விற்று அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். கூட்டத்தோடு வேலை செய்வது ஒத்துவரவில்லை. உலகம் முழுக்க எல்லோரும் உயர் அதிர்வெண்ணுக்குப் போனபோது அவர் அடிமட்டத்துக்கு இறங்கினார். 2 மெகாஹெர்ட்ஸ் அளவில் வானத்து அலைகளை அயனமண்டலம் தடுத்துவிடும். சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளின் குளிர்கால இரவுகளில் மட்டும் சில இடங்களில் சற்றே வழிவிடும். அப்படி ஓர் இடம் டாஸ்மேனியா என்று கண்டு 1954இல் அங்கே போனவர், கடைசிவரை அங்கேதான். பாத்வெல் ஊருக்குப் பக்கத்தில் ஆடு மேய்கிற பண்ணையில் கம்பங்கள் நட்டு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள வட்டத்தில் 192 ஆன்டெனாக்களைக் கட்டினார். 144 மீட்டர் அலையில் பார்த்தபோது வானம் தலைகீழ்: பால்வீதிப் பட்டை இருட்டு, மற்ற இடம் வெளிச்சம். பட்டையில் இருக்கும் அயனி வாயு இந்த அலையை விழுங்கிவிடுகிறது. இடையிடையே பீன்ஸ் கொடிகளை அவை சுற்றுகிற திசைக்கு எதிராகச் சுற்றிவிட்டு விளைச்சலைப் பார்த்தார், அதையும் 1960இல் ஒரு தாவரவியல் இதழில் எழுதினார். மின்சாரக் கார் ஒன்று செய்து பிக்ஸி என்று பெயர் வைத்தார். பெருவெடிப்பை மட்டும் அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. முடிவற்ற, எல்லையற்ற, மாறாத பிரபஞ்சம் என்று 1977இல் எழுதினார். ஆதாரங்கள் குவிந்தும் அசையவில்லை. ஊரெல்லாம் சொல்வதைக் கேட்காத குணம் 1937இல் வரமாக இருந்தது, 1977இல் அதே குணம் அவரை மூலையில் உட்காரவைத்தது. இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் வாங்க எந்தக் கடையும் இல்லை. 2002 டிசம்பரில், 91 வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில் இறந்தார். வீட்டன் தட்டு இப்போது மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் நிற்கிறது, யூவனின் கூம்பும் அங்கேதான். சுற்றிலும் சுமார் 34,000 சதுர கிலோமீட்டருக்கு ரேடியோ ஒலிபரப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. ஸ்பார்க் பிளக்குக்குப் பயந்து நள்ளிரவில் விழித்திருந்தவரின் தட்டுக்குக் கிடைத்த மரியாதை.

இனி உங்கள் மொட்டை மாடிக்கு வருவோம். ரீபருக்கு இரண்டு வருடத் தோல்வியும் யூவனுக்கு ஒரு பல்கலைக்கழகமும் தேவைப்பட்ட வேலையை இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்துவிடலாம். 2012 வாக்கில், கணினியில் டி.வி. பார்க்க விற்ற ஒரு சின்ன யூ.எஸ்.பி. டாங்கிளை பரந்த அதிர்வெண் வீச்சுக்கு ரிசீவராக மாற்றலாம் என்று சில ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். சில ஆயிரம் ரூபாய்ச் சமாச்சாரம். அதோடு ஒரு குறைஇரைச்சல் ஆம்ப்ளிஃபையர், 21 சென்டிமீட்டர் கோட்டின் அதிர்வெண்ணான 1,420 மெகாஹெர்ட்ஸை மட்டும் விடும் ஃபில்டர். ஃபில்டர் இல்லாவிட்டால் பக்கத்துச் செல்போன் டவர் பால்வீதியை அமுக்கிவிடும். கூம்புக்குக் கெட்டி அட்டையும் அலுமினியம் ஃபாயிலும் போதும். கூம்பின் அடியில் ஒரு செவ்வகத் தகர டின். டின்னின் அகலமான பக்கம் 10.6 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் 21 சென்டிமீட்டர் அலை உள்ளே நுழையாது. 21ஐத் தாண்டினால் உள்ளே தாறுமாறாக ஓடும். நடுவில் 16, 17 என்று இருப்பது உத்தமம். அதற்குள் செம்புக் கம்பித் துண்டு, நீளம் 5 சென்டிமீட்டரும் சொச்சமும், அதாவது அலையின் கால் பங்கு. அந்தக் கம்பிதான் ஆன்டெனா. ஆம்ப்ளிஃபையரை அதன் காலடியிலேயே வையுங்கள். நீள ஒயர் இழுத்து அப்புறம் வைத்தால், ஒயரின் இரைச்சலைத்தான் பெருக்குவீர்கள்.

நம் அட்சரேகையில் இருப்பது ஒரு லாபம். வீட்டனில் பால்வீதியின் மையம் அடிவானத்திலிருந்து 19 டிகிரிக்கு மேல் எழாது. மதுரையில் 51 டிகிரி. மேகம் இருந்தாலும் பகல் வெளிச்சமாக இருந்தாலும் 21 சென்டிமீட்டர் அலைக்கு அக்கறையில்லை. 1,400 முதல் 1,427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக ஒப்பந்தமே இருக்கிறது, ஆகவே அலைவரிசையும் ஓரளவு சுத்தம். முதலில் கூம்பைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து அளவெடுங்கள். தரை சூடு, அதிக இரைச்சல். பிறகு பால்வீதி இல்லாத வானம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் கருவி வேலை செய்கிறது. அப்புறம் சிக்னஸ் பக்கம் திருப்பி ஐந்து பத்து நிமிடம் சராசரி எடுத்தால், 1,420.4 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு எழும்பும்.

மேடு சரியாக 1,420.4இல் நிற்காது, நிற்கக் கூடாது. வாயு நம்மை நோக்கி விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் கோடு 4.74 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீட்டரில் பூமி ஓடுகிறதே, அதையும் மாதத்துக்கேற்பக் கழிக்க வேண்டும். மலிவான டாங்கிளின் கடிகாரம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் அதுவே விநாடிக்கு 15 கிலோமீட்டர் பொய் வேகம்; மொட்டை மாடி வெயிலில் அது சூடேற, பால்வீதியே இடம் மாறுவது போலத் தெரியும். வெப்பத்துக்கு அசையாத படிகம் உள்ள டாங்கிள் வாங்கினால் இந்தத் தொல்லை போகும். எல்லாம் கழித்தபின் சிக்னஸில் ஒரு மேடு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்: அது பால்வீதியின் சுருள் கைகளில் நாம் குடியிருக்கும் கை. அதற்கு அப்பால், நம்மை நோக்கி வேகமாக வரும் பக்கத்தில் இன்னொரு மேடு இருக்கும். அது பெர்சியஸ் கை.